சங்கடப் படலைக்கு எத்தனை குந்து?

செல்வராசாவுக்கு மூக்கு நுனியில் ரோசம். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய பசு, தங்கச்சி அமராவதியின் மிளகாய்க் கன்றுகளை மேய்ந்துவிட்டது. அவள் அதைப் பிடித்துக் கட்டி, "ஊர் மேயிற உந்தக் கட்டாக்காலியை அவிட்டுக்கொண்டு போங்கோ" என்றாள். செல்லப் பசுவையா கட்டாக்காலி என்பது! மனுசனால் தாங்க முடியவில்லை. "இனி உன்ர படலை தாண்டி வந்தா என்ர பேர் செல்வராசா இல்லை!" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனவர் போனவர்தான்.

இப்போது உருத்திரபுரத்தில் அமராவதி புது வீடு கட்டுகிறாள். தை பிறந்தால் குடிபூரல். கூடப் பிறந்தது அந்த ஒரே அண்ணன். அவர் வராத வீட்டில் பால் காய்ச்சி என்ன, காய்ச்சாமல் விட்டு என்ன? அவரோ தினமும் அந்த வழியால்தான் வயலுக்குப் போவார். தலை திரும்பாது, ஆனால் அவள் வீட்டடியில் மட்டும் சைக்கிள் மணி இரண்டு தரம் அடிக்கும்.

ஒருநாள் மேசன் கிருபனைக் கூப்பிட்டாள். "தம்பி, இரும்புக் கேற் வேண்டாம். சங்கடப் படலை கட்டும்."

"படலை தெரியும் அக்கா. சங்கடம் என்னத்துக்கு?"

"சங்கடம் தீருறதுக்கு. படலைக்கு மேல கூரை போட்டு, இருக்கக் குந்து கட்டி, பானையில தண்ணி வைக்கிறது. ரோட்டால போறவை ஆரையும் கேக்காமல் இருந்து ஆறலாம்."

"அப்ப உள்ளுக்கும் வெளியிலயும் குந்து கட்டவோ?"

"வெளியில மட்டும் காணும். உள்ளுக்குத் தேவையில்லை."

"கூரை உள்பக்கமும் வருகுதே அக்கா, அதுக்குக் கீழ சும்மா..."

"சொன்னதைச் செய்யும்."

குடிபூரலன்று சைக்கிள் மணி மூன்று தரம் அடித்து நின்றது. செல்வராசா சைக்கிளைச் சாத்திவிட்டு வெளிக்குந்தில் இருந்தார். "ரோட்டால போறவனுக்குக் கட்டினது. ஆரும் இருக்கலாம்" என்று வேலிக்குக் கேட்கும்படி சொன்னார். அமராவதி ஓடிவந்து, படலைக்கு உள்ளே நின்றபடியே பால் பேணியை நீட்டினாள். வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பேர் சங்கடப் படலையோ? எந்த மடையன் கட்டினவன்?"

சாப்பிட வந்திருந்த கிருபன் திருதிருவென்று முழித்தான்.

"உள்குந்து எங்கை? வழிப்போக்கன் வெளியில இருப்பான், வீட்டுக்காரன் உள்ளுக்கை இருப்பான், நடுவில படலையைத் திறந்து வைச்சுக் கதைக்கிறது. கதை இல்லாட்டி இது வெறும் பஸ் ஹோல்ட்!"

"எவ்வளவு நீளம் வேணும் ஐயா?" என்றான் கிருபன் பாவமாக.

"இஞ்சை பாரும்!" விறுவிறென்று உள்ளே போனார். குனிந்து சுவரைச் சாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது சாணில் கை நின்றது. அவர் தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் படலைக்கு உள்ளே.

அமராவதி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிழை ஒன்றைக் கண்டால் திருத்தாமல் போகிற ஆளா அவர்? அவளுக்குத் தெரியாத அண்ணனா?

"அடி கள்ளி! வேணுமெண்டு பிழையாக் கட்டினனி, என்ன?"

"ஓம்." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "படலை தாண்டியாச்சு. இனி உங்கட பேர் செல்வராசா இல்லை. நான் என்னண்டு கூப்பிடுறது?"

அவர் மிச்சப் பாலைக் குடித்து வாயைத் துடைத்தார்.

"அண்ணை எண்டு கூப்பிடு. காணும்."