துலா மிதிப்பு

கனடாவிலிருந்து மகன் மயூரதன் ஆள் அனுப்பி வீட்டுக்குக் கமெரா பூட்டினான். கள்ளருக்கு என்றான். கதிரவேலர் நம்பவில்லை. கள்ளன் பின்மதிலால் ஏறுவான்; கமெரா பார்த்தது முற்றத்தை.

ஒருநாள் போன் வந்தது.

“அப்பா, ஏன் கேற்றடிக்கும் கிணத்தடிக்குமாய் நாள் முழுக்க நடக்கிறியள்?”

“துலா மிதிக்கிறன்.”

ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் உலாத்துகிற ஆளை அவரின் ஊர் கோப்பாயில் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் இறைக்கிற மெசின் வரமுன்னம் கிணற்றுத் துலா என்ற நெடுமரத்தில் ஒருவன் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். அவன் நடந்தால்தான் வாளி இறங்கும், ஏறும். கீழே நிற்கிறவன் தண்ணீரைக் கவிழ்ப்பான். அந்த நடையில் வந்த பேச்சு. கீழே ஆளில்லாமல் ஒருவரும் துலா மிதித்ததில்லை. மனிசி செத்துப்போனபிறகு கதிரவேலர் மிதித்தார்.

“பகிடி விடாதேங்கோ. டொக்டரிட்டை வீடியோ காட்டினனான். இது ஒரு வருத்தமாம். முதியோர் இல்லத்திலை சொல்லி வைச்சிருக்கிறன். இனியும் இப்பிடி நடந்தால் ஆள் அனுப்புவன்.”

“உன்ரை டொக்டர் என்ரை கையைப் பிடிச்சுப் பாத்தவரோ?”

போன் கட்டாகிவிட்டது.

மற்றநாள் விடியவே கதிரையைக் கமெராவுக்கு நேரே போட்டு இருந்தார். கால் தன்பாட்டில் ஆடியது. இரண்டு கையாலும் முழங்காலை அமத்திப் பிடித்தார். தேத்தண்ணி ஊத்தவும் எழும்பவில்லை. உள்ளே போன் அடித்தது. எழும்பப் பண்ணிப் பார்க்கிறான் என்று நினைத்து அசையாமல் இருந்தார். திரும்பத் திரும்ப அடித்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டு உதயகலா இளைக்க இளைக்க ஓடிவந்தாள்.

“அண்ணை, உயிரோடையோ இருக்கிறியள்?”

“செத்தால் உனக்குச் சொல்லாமலே சாவன்?”

“உங்கடை மகன் அழுகுது. விடியத் துவக்கம் ஆள் அசையேல்லையாம்.” தன் போனை அவர் காதில் வைத்தாள்.

“ஏனப்பா போனை எடுக்கேல்லை?”

“எழும்பினால் ஆள் அனுப்புவாய்.”

மயூரதன் மூக்கை உறிஞ்சினான்.

“ஒருக்கா நடவுங்கோ அப்பா.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“நான் நித்திரையாகுமட்டும். இஞ்சை இப்ப சாமம்.”

“அப்ப இல்லம்?”

“அது பிறகு பாப்பம்.”

பிறகு என்றால் என்ன என்று கதிரவேலருக்குத் தெரியும். என்றாலும் எழும்பினார். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார், கிணற்றடிக்கு வந்தார். உதயகலா போய்விட்டாள். கமெராவை நிமிர்ந்து பார்த்தார்.

“கீழை நிக்கிறியோ?”

அது கதைக்கிற கமெரா இல்லை. திரும்பிக் கேற்றடிக்கு நடந்தார்.