ஞாயிற்றுக்கிழமை அளவு

சீனித்தாய் அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

"எந்தாயி செல்வராணி... மஞ்சக் குங்குமத்தோட போயிட்டியே... கட்டுனவனைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே..."

பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அத்தை கூடத்துக்குள் பாய்ந்து ஐஸ் பெட்டியின் மேல் விழப்போனவள், கண்ணாடிக்குள் மீசையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"நான் இங்கன இருக்கேன் அத்தை," என்றாள் தலைமாட்டில் இருந்த செல்வராணி. "உங்க மாப்பிள்ளைதான் போனாரு."

அத்தை அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. "தாணுலிங்கம் வீட்டுல துட்டின்னுதானளா போன்ல சொன்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்?" என்று முணுமுணுத்துவிட்டு, அதே ராகத்தில் பெயரை மட்டும் மாற்றி மறுபடியும் ஆரம்பித்தாள்.

அத்தையைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் சாவு விழுந்தால் அது செல்வராணிதான் என்று சொந்தபந்தம் மொத்தமும் நாலரை வருஷத்துக்கு முன்பே முடிவு கட்டி வைத்திருந்தது. இடது மார்பை எடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, கரண்டு வைத்தாயிற்று, கொட்டின முடியும் சுருள் சுருளாக முளைத்துவிட்டது. அதற்குப் பிறகும் கல்யாண வீடுகளில் அவள் இலையை எட்டிப் பார்த்து, "பாவம், நல்லாத்தான் சாப்பிடுதா" என்பார்கள். கடைசியில் போனது தாணுலிங்கம். நேற்று, சனிக்கிழமை காலை, துறைமுக ரோட்டில் இருக்கிற தன் தார்ப்பாய்க் கடையில் உப்பளத்துக்காரர் ஒருவருக்குச் சுருளை விரித்துக் காட்டியவர், அதன் மேலேயே சரிந்துவிட்டார். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத மனுஷன்.

செல்வராணிக்கு அழுகைக்கு முன்னால் வந்தது எரிச்சல்தான். ரேஷன் கடையில் நாம் கால்கடுக்க நிற்கும்போது பின்னால் வந்தவன் முன்னால் போய் வாங்கிக்கொண்டு நடந்தால் வருமே, அந்த எரிச்சல்.

பதினோரு மணிக்கு மாத்திரைச் சூடு வந்தது. தினம் ஒன்று வீதம் ஐந்து வருஷத்துக்குப் போடச் சொன்ன மாத்திரை. விரல் மூட்டைக் கல்லாக்கும், கேட்காத நேரத்தில் கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் அடுப்பு மூட்டும். கூடத்திலோ நாற்பது பெண்கள், ஒரே ஒரு காற்றாடி, அதுவும் அத்தை பக்கம். செல்வராணி வேறு வழியில்லாமல் கன்னத்தை ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

"பாத்தியா, பிரிய மனசில்ல," என்று எதிர்வீட்டுச் சண்முகத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

இன்னொரு தடவை சூடு வந்தபோதும் அப்படியே சாய்ந்தாள். அப்போதும் நாலு பேர் அழுதார்கள். மூன்றாவது தடவை அவள் சாய்ந்தபோது சூடு எதுவும் வந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லோரும் காப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மகன் ஜெயகணேஷ் அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் எடுத்து வந்தான். பெட்டியைத் திறப்பதற்குள் வளையல் காரியம் முடிய வேண்டும் என்று அத்தை தன் பையைத் திறந்தாள். அரக்குச் சிவப்பில் ஒரு சேலையும், ஒரு டஜன் கண்ணாடி வளையலும் இருந்தன. சுமங்கலியாகப் போனவளுக்குப் போட்டு அனுப்ப வழியில் இறங்கி வாங்கினவை. சேலையை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு வளையலை மட்டும் எடுத்தாள்.

"கையை நீட்டுளா."

வலது கையில் ஆறு ஏறின.

"அந்தக் கை."

"அதுல போடக்கூடாது அத்தை. அக்குள்ல நெறியெல்லாம் எடுத்திருக்கு. ஒரு கீறல் பட்டாலும் வீங்கிரும். போன வருஷம் பாறை மீனு முள்ளு குத்தி அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன்லா."

"மீனு முள்ளும் இதுவும் ஒண்ணா? ஒத்தக் கையை மட்டும் உடைச்சா நீ என்ன பாதி அறுத்தவளா?"

"சோப்பு போட்டு ஏத்துங்க மைனி," என்று பின்னாலிருந்து ஒரு யோசனை வந்தது.

அத்தை குனிந்து, வீங்காமல் இருக்க இடது கையை மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கிப் பிடித்திருந்த உறையின் விளிம்பில் நகத்தை விட்டாள்.

அந்த உறையைத் தினமும் காலையில் பவுடர் தட்டி மாட்டிவிடுவது தாணுலிங்கத்தின் வேலை. லாரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்து வந்ததும் வீக்கம் பார்க்கக் கடை டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். முழங்கைக்கு மேல் நாலு விரல் தள்ளிச் சுற்றி, கடையில் கத்துகிற அதே குரலில், "பதினொண்ணே கால்!" என்பார். அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் குறிப்பார். அதற்குள் எண் சண்முகத்தாய் வீட்டைத் தாண்டியிருக்கும். திங்கட்கிழமை கீரைக்காரி, "கால் இஞ்சு கூடிருச்சாமே அக்கா?" என்று கேட்பாள். "இது என் கையா, உப்பு அம்பாரமா? மெதுவாச் சொன்னா என்ன?" என்று செல்வராணி சண்டை போடாத ஞாயிறு கிடையாது. அவரும் ஒரு ஞாயிறாவது மெதுவாகச் சொன்னது கிடையாது.

"கையை விடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஒப்பாரி அறுந்தது.

"நாளைக்கு இது வீங்குனா நீங்களா வந்து எனக்குப் பதிலா ஆஸ்பத்திரில கெடப்பிய?"

செல்வராணி அத்தை மடியில் இருந்த மிச்ச ஆறையும் எடுத்தாள். மூட்டு வலித்த விரல்களால் ஒவ்வொன்றாக வலது கையிலேயே ஏற்றினாள்.

"பன்னெண்டும் ஏறியாச்சு. சரியா இருக்கா? உடையுங்க."

அத்தை கை நீட்டவில்லை. வாசலில் யாரோ, "நேரமாவுது, எடுங்கப்பா," என்றார்கள். செல்வராணி நிலைப்படிக் கல்லில் கையை ஓங்கி ஒரே போடாகப் போட்டாள். மணிக்கட்டில் ஒரு பொட்டு ரத்தம். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கெல்லாம் வீடு கழுவியாயிற்று, காலி ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை பையோடு வந்து நின்றாள்.

"இந்தச் சேலையை என்னளா செய்ய?"

"வச்சிட்டுப் போங்க. என்னைக்காவது எனக்கு ஆவும்லா?"

"இனி உனக்குச் செவப்பு ஆவாதேளா..." என்ற அத்தை, அன்றைக்கு முதல் தடவையாக ராகமில்லாமல் அழுதாள்.

எல்லோரும் போன பிறகு செல்வராணி தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். ஜெயகணேஷ் கூடத்தில் வெறுந்தரையில் மொட்டைத் தலையோடு அசந்து தூங்கினான். எழுப்ப நினைத்துக் குனிந்தவள், நிமிர்ந்துவிட்டாள். அலமாரியைத் திறந்தாள். கதவில் கடைசியாகப் போன ஞாயிறு. அதற்குக் கீழே இடம் இருந்தது. ஆணியில் டேப் தொங்கியது.

முழங்கைக்கு மேல் நாலு விரல் தள்ளி வைத்தாள். சுற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் முனை விழுந்தது. முகவாயால் அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் விழுந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சண்முகத்தாய் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வராணி டேப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலது கையால் மெதுவாக ஒரு சுற்று கொண்டுவந்து, இழுத்து, எண்ணைப் பார்த்தாள்.

"எம்புட்டு மைனி?" என்றாள் சண்முகத்தாய்.

வாயைத் திறந்தால் முனை விழுந்துவிடும். செல்வராணி டேப்பைக் கடித்தபடியே பென்சிலைத் தேடினாள்.