விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

ஊருக்குள் நுழையும் முன்பே அவள் காரை ஓரங்கட்டி, கணவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்க்கக் கூடாது. தூணைப் பார்க்கக் கூடாது. எதையும் தட்டிப் பார்க்கவே கூடாது.

"அப்போ எதைத்தான் பாக்குறது?"

"என்னைப் பாருங்க."

"அதுலயும் விரிசல் இருந்தா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் வேடிக்கையாகப் பேசியே வெகுநாள் ஆகியிருந்தது.

அவன் கட்டட இஞ்சினியர். போன வருஷம் ஒரு பள்ளிக்கூடம் இடிந்து விழப்போகிறது என்று சொல்லி, பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டான். பள்ளிக்கூடம் விழவில்லை. இன்றும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. ஊரே சிரித்தது, வேலை போனது. அதன் பிறகு அவன் தன் வீட்டுச் சுவர்களில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தான். சாப்பாட்டில் கை வைத்தவன் பாதியில் எழுந்துபோய் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பான். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் வைத்தியர். இந்தப் பயணத்திலும் அவன் தேறவில்லையென்றால் பிறகு தன்னால் அவனை மீட்க முடியாது என்பது அவளுக்கு உள்ளூரத் தெரியும்.

ஊர் படத்தில் வரைந்தது போல இருந்தது. கல் பாவிய தெரு, ஆற்றின் மேல் வளைந்து கிடக்கும் பாலம், மர பால்கனிகளில் பூந்தொட்டிகள். நடுவில் ஒரு பழைய கோபுரம். அதன் அடியிலேயே ஒரு விடுதி, வாசலில் காபி குடிக்க நாற்காலிகள். அவன் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் கை கழுவ உள்ளே போனாள்.

மாடிப்படி ஓரமாக, கோபுரத்தின் சுவரிலேயே, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பட்டைகள், சாந்து வைத்து ஒட்டப்பட்டிருந்தன. அவளுக்கு அவை புதியவை அல்ல. வீட்டில் சமையலறைச் சுவரில் அவன் ஒட்டி வைத்திருக்கிறான். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். அதற்காகத்தான் அது.

ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

பின்னாலிருந்து விடுதிக்கார அம்மாள் பெருமையாகச் சொன்னாள்: "பளிச்சுனு இருக்குல்லம்மா? எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ யாரோ அளக்க வந்தவங்க ஒட்டிட்டுப் போனது. உடைஞ்சு கிடந்தா வர்றவங்க கண்ணுக்கு நல்லாவா இருக்கும்? உடைய உடைய நானே மாத்திடுவேன்."

"அடிக்கடி உடையுமா?"

"முன்னெல்லாம் எப்பவாவது ஒண்ணு. இப்ப வர்ற கண்ணாடியே சரியில்ல. நேத்து ஒட்டுறேன், காலையில உடைஞ்சுபோயிருக்கு. கடைக்காரனைப் பிடி பிடின்னு பிடிச்சிட்டேன்."

படிக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. அது நிறைய உடைந்த கண்ணாடி.

மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் மத்தியான விருந்துக்குக் கூடியிருக்கிறதாம். பேரன் பேத்திகள் எல்லோரும் வந்துவிட்டார்களாம், அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் காதில் பாதி விழவில்லை.

அவனிடம் சொன்னால், இத்தனை மாதம் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது போய்விடும். சொல்லி அது பொய்யாகிப்போனால் மறுபடியும் ஒரு சிரிப்பு, அதை அவன் தாங்க மாட்டான். இந்தக் கோபுரம் எத்தனையோ தலைமுறை நின்றிருக்கிறது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பும் வரை நிற்காதா? அப்படி ஒரு நினைப்பு தனக்குள் வந்ததை அவள் சிறிது நேரம் அசையாமல் நின்று பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெயில் ஆற்றில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது.

"உட்கார்ந்ததுலேருந்து திரும்பவே இல்ல," என்றான் அவன். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் முகம்.

அவள் உட்காரவில்லை. "ஒரு தடவை உள்ள வந்து பாருங்க."

"சோதிக்கிறியா?"

"இல்லைங்க."

கோப்பை தட்டில் மோதி மெல்லக் கிலுகிலுத்தது. அதை அழுத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

சுவருக்கு முன்னால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தொடவில்லை. அவள் அந்த அம்மாள் சொன்னதை அப்படியே சொன்னாள். வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிரும்போது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"எனக்குத்தான் அப்படித் தெரியுதா? இல்ல, உனக்கும் தெரியுதா?"

"எனக்கும் தெரியுது."

அவன் விடுதிக்கார அம்மாளிடம் திரும்பி வாயைத் திறந்தான். குரல் எழும்பவில்லை. அந்த அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்பது போலப் புன்னகைத்தாள். அவன் மறுபடி முயன்றான். உதடு மட்டும் அசைந்தது.

அவள் அவன் தோளைத் தொட்டாள். "நீங்க இவங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. தெருவுல யாரும் இந்தப் பக்கம் வராம பாத்துக்கங்க. மேல நான் போறேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

படி குறுகலாக இருந்தது. ஏறும்போது சுவரில் கை ஊன்றியவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். விரல்களில் மாவு போலச் சாந்துப் பொடி. துடைக்கத் தோன்றாமல் ஏறினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ எதற்கோ சிரித்தார்கள், குழந்தைகள் மேஜையைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் அவள் காலடியில் வந்து சேர்ந்தது.

கதவைத் திறந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர், பாவம், வழி தவறி வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, தன் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.