வெள்ளி வரிசையில் மூன்று கறுப்பு

எங்கள் கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் எந்தக் காருக்குப் பின் எந்தக் கார் போக வேண்டும் என்று முடிவு செய்தவள் ரோஸ்வித்தா கீன்ஸ்லே. எத்தனை கார் என்பதை முதலாளியம்மா சொல்லலாம், என்ன நிறம் என்பதை விற்பனைப் பிரிவு சொல்லலாம். வரிசை மட்டும் அவளுடையது. அதில் யாராவது கைவைத்தால் குரல் நெக்கார் ஆற்றின் அக்கரை வரை கேட்கும்.

வரிசையின் விதி எளிது. வாரத்தை வெள்ளையில் தொடங்க வேண்டும். பிறகு வெள்ளி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச மஞ்சள் சிவப்பை ஒன்றும் செய்யாது. கறுப்பு ஓடிய குழாயில் வெள்ளையை விட்டால் காரில் ஈ மொய்த்த மாதிரி புள்ளி விழும். அடர் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்குத் திரும்ப வேண்டுமானால் தின்னர் ஊற்றிக் குழாய் முழுவதையும் கழுவ வேண்டும். அதற்கே பாதி நாள் போய்விடும்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது. விழா எடிஷனாக நாற்பது கார்கள். மேலே வெள்ளி, கதவின் பாதிக்குக் கீழே அடர் சிவப்பு. செப்டம்பர் கண்காட்சிக்குள் தயாராக வேண்டும் என்றால், கோடை விடுமுறைக்குத் தொழிற்சாலை மூடும் முன்பே பெயின்ட் முடிந்தாக வேண்டும். விற்பனைத் தலைவர் எக்பெர்ட் லைப்லின், இஸ்திரி கலையாத கோட்டோடு அவளுடைய கண்ணாடி அறைக்கு வந்தார்.

"ஒண்ணாம் நம்பர் கார் முதல்ல வெளிய வரணும், ஃப்ராவ் கீன்ஸ்லே. வெள்ளி, சிவப்பு ரெண்டும் முடிஞ்சு, முழுசா. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. படம் எடுக்க ஆள் வராங்க."

"ஒவ்வொரு காருக்கும் நடுவுல குழாய கழுவிட்டிருந்தா கிறிஸ்துமஸுக்குத்தான் படம் எடுக்கணும்."

"விழா எடிஷன். கொஞ்சம் மெனக்கெடத்தான் வேணும்."

"மெனக்கெடப் போறது நீங்க இல்லையே. நம்பர் எங்க இருக்கு? தகட்டுல. பெயின்ட்ல இல்ல. வெள்ளி எல்லாம் புதன்கிழமை ஒரே மூச்சுல போகும். வியாழக்கிழமை எப்படியும் மத்த கார்களுக்கு சிவப்பு ஓடுது. அதோட வாலப் பிடிச்சுட்டு இதுங்களும் போயிரும். எது ஒண்ணு, எது நாப்பதுன்னு தகடு ஒட்டறப்ப நீங்களே பேர் வைங்க."

லைப்லின் முட்டாள் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

"மதியம் நாங்க கை கழுவிட்டிருப்போம்."

விடுமுறை தொடங்கும் அந்த மதியம் எங்களில் பாதிப் பேருக்கு உயிர். ஸ்ப்ரே அடிப்பவர்கள் பெரும்பாலும் யுகோஸ்லாவியர்கள். மேற்பார்வையாளன் ஸ்வொன்கோவின் அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊரில், ஸ்ப்ளிட் நகரத்துப் பக்கத்தில் கல்யாணம். சீர்வரிசைக்கான வாஷிங் மெஷினை முந்தின வாரமே காரின் கூரையில் கட்டிவைத்திருந்தான். தினமும் அதோடுதான் வேலைக்கு வந்தான்.

"நான் போய்ச் சேரலைன்னா எங்கக்கா என்னைச் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா, ரோஸ்வித்தா."

"உனக்காக இல்லைன்னாலும் அந்த மெஷினுக்காகவாவது அனுப்பிடறேன். பாவம், எத்தனை நாளா மேல உக்காந்திருக்கு. போ, ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில எடு."

புதன்கிழமை வெள்ளி அருமையாகப் போனது. அந்த பெயின்ட்டில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். பம்ப் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் துகள் அடியில் படிந்துவிடும். கடைசி மூன்று கார் பாடி மிச்சம் இருந்தபோது நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து அந்த மூன்றையும் முடித்தோம். பெயின்ட்டைக் காயவைக்கும் ஓவனிலிருந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. மூன்றிலும் மழைக்கு முந்தைய வானம் மாதிரி திட்டுத் திட்டாய்.

ஸ்வொன்கோ விரலால் பானெட்டைத் தடவினான். "பம்ப் நின்னிருக்கு. எவன் கை வச்சான்?"

படப்பிடிப்பு ஆட்களோடு ஓரமாக நின்றிருந்த லைப்லின் முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான். சத்தம் ஒலிப்பதிவுல விழுதுன்னாங்க. நீங்க சாப்பிட்டு வரதுக்குள்ள திரும்பப் போட்டுட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது."

பழியை வேறு யார் தலையிலாவது போட்டிருக்கலாம், போடவில்லை. அதனாலோ என்னவோ, ரோஸ்வித்தாவும் கத்தவில்லை. சுவரில் கார்களின் வரிசைப்படி வண்ண அட்டைகள் செருகிய பலகையின் முன் போய் நின்றாள்.

"திரும்ப வெள்ளி அடிச்சிரலாம்," என்றார் லைப்லின்.

"குழாயில இப்ப மஞ்சள் ஏறிருச்சு. திரும்பிப் போனா கழுவணும், புதுசா கலக்கணும், அதுக்கப்புறம் மத்ததெல்லாம். சனிக்கிழமை ராத்திரி ஆயிரும்." மூன்று வெள்ளி அட்டைகளை உருவினாள். பலகையின் கடைசிக்குப் போனாள். "இந்த மூணும் கறுப்பு."

"நாப்பதும் வெள்ளின்னு விளம்பரம் அச்சாயிருச்சு."

"குழாய கழுவறத விட விளம்பரத்தக் கழுவறது சுலபம், ஹெர் லைப்லின்."

அவர் விறுவிறுவென்று மாடிக்கு, முதலாளியம்மாவிடம் போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அறையில் போன் அடித்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இவள் சொன்னது கேட்டது.

"ஆமா. நல்லா இருக்கும்... இல்ல, பாத்ததில்ல. அடிச்சாத்தானே பாக்க முடியும்."

போனை வைத்த பிறகுதான் ஸ்வொன்கோ வாயைத் திறந்தான். "சாவு வண்டி மாதிரி இருக்காதா?"

"சிவப்புப் பாவாடை கட்டின சாவு வண்டிய எங்கயாவது பாத்திருக்கியா?"

மறுநாள் எங்கள் வேலை தலைகீழானது. நான் டேப் ஒட்டும் ஆள். மற்ற முப்பத்தேழு கார்களுக்கும் மேலே இருக்கும் வெள்ளியை மூடிவிட்டுக் கீழே சிவப்பு விட்டோம். இந்த மூன்றிலும் திட்டுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, கீழே சிவப்பை முதலில் அடித்து, அது காய்ந்ததும் சிவப்பை மூடினோம். காகிதத்தைச் சுற்றி, ஓரத்தை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். சிவப்பில் ஒரு துளி கறுப்பு சிந்தினாலும் கெட்டது கெட்டதுதான். ரோஸ்வித்தா இரண்டு தடவை வந்து பார்த்தாள். எதுவும் சொல்லாமல் போனாள். அவளிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வெள்ளிக்கிழமை நீலம் முடிந்து கறுப்பு ஓடியது. வாரத்தின் கடைசி பாடிகள் அவை மூன்றும்தான். முதலாவது ஓவனிலிருந்து வந்ததும் நான் டேப்பை உரித்தேன். கறுப்பும் சிவப்பும் சந்தித்த கோடு கத்தியால் கீறியது போல் நேராக இருந்தது. கறுப்பின் மேல் கூரை விளக்குகள் நீளநீளமாய்ப் படுத்துக் கிடந்தன. ஸ்வொன்கோ தொப்பியைக் கழற்றினான்.

"சாவு வண்டியா?" என்றாள் ரோஸ்வித்தா.

"அப்படி இருந்தா எனக்கு இதுலயே போகணும்."

லைப்லின் காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். கண்ணாடி அறைக்குள் போய் அவளுடைய போனை எடுத்தார். வெளியே வந்தபோது பழைய நிறம் முகத்துக்குத் திரும்பியிருந்தது.

"சூரிச்ல இருக்கற டீலர் ஒண்ணை எடுத்துட்டார். பாக்காமயே."

"என்ன சொன்னீங்க?"

"நாப்பதுல மூணு மட்டும் கறுப்பு, இதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தோம்னு."

"பொய்."

"புதன்கிழமை வரைக்கும் நமக்கே தெரியாதே. யார்கிட்ட சொல்லியிருக்க முடியும்?"

ரோஸ்வித்தா வாய்விட்டுச் சிரித்தாள். அவரோடு சேர்ந்து அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. காரை விற்பதில் அந்த ஆளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை அதற்குப் பிறகு அவளே எல்லோரிடமும் சொன்னாள்.

மதியம் நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம். வாஷிங் மெஷின் கூரைமேல் ஆட ஆட ஸ்வொன்கோ கேட்டைத் தாண்டிப் போனான். கல்யாணத்தில் கால் வீங்க ஆடியதாக விடுமுறை முடிந்து வந்து சொன்னான்.

செப்டம்பர் கண்காட்சியில் வெள்ளிக் கார்களைப் பார்த்தவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். கறுப்பைப் பார்த்தவர்கள் விலை கேட்டார்கள். திரும்பி வந்த லைப்லின் நேராக பெயின்ட் ஷாப்புக்கு வந்தார்.

"இன்னும் இருபது கறுப்பு போட முடியுமா?"

"முடியும். ஆனா போட மாட்டேன். மூணுதான்னு சூரிச்காரர்கிட்ட சொன்னது நீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. வேற என்ன செய்யலாம்?"

"அடுத்த எடிஷன் பத்திப் பேசற கூட்டத்துல எனக்கு ஒரு நாற்காலி போடுங்க. எல்லாம் முடிவு பண்ணிட்டு என்கிட்ட வராதீங்க. முடிவு பண்றப்பவே கூப்பிடுங்க."

அக்டோபரில் மாடியில் கூட்டம் நடந்தது. லைப்லினே எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாராம். பச்சை உடல், கிரீம் நிறக் கூரை, இருபது கார் என்று படங்களை மேஜைமேல் பரப்பினார். முதலாளியம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ரோஸ்வித்தாவைப் பார்த்தார். அவள் ஒரு பிரெட்ஸல் ரொட்டியைப் பிட்டு நிதானமாக வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்கு," என்றாள். "எந்த வாரம் வேணும்?"