ஏலத்துக்கு வந்த கெளுத்தி

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கிருந்தோ வந்து நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் பெருகிவிட்ட மீன்களைப் பற்றித் தூண்டில் போடுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதலாம் எனப் பேச்சிப்பாறை சானல் கரையோரம் நடந்தேன். கேள்விகள் தயாராக இருந்தன. இந்த மீன் எப்போது வந்தது, எந்த மீனைக் குறைத்தது, இதைத் தின்னலாமா? முதல் இரண்டுக்கும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மூன்றாவதற்கு எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் குழம்பில் புளிக்குப் பதில் மாங்காய் போடச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ற பெயரைக் கேட்டதுமே தண்ணீரில் துப்பினார். அவர் துப்பிய இடத்திலேயே முதலாமவர் தூண்டிலை வீசினார்.

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. அந்த இரண்டு பேர் மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. மாங்காய்க்காரருக்கு ஜாஸ்பர் என்று பெயர் வைத்தேன். துப்பியவருக்கு யோவான்.

2

கதையின் முதல் தொடக்கம்: திருவட்டாற்றுக்கு மேற்கே ஒரு சிறிய சபையில் அறுப்பின் பண்டிகை நாள் காலையில் மேகங்கள்

(மேகங்கள் வேண்டாம். இந்தக் கதைக்கு மழை தேவையில்லை.)

இரண்டாவது: ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்லது, உடம்பில் ஈரம் இருந்தால் தரையிலும்

(கட்டுரை திரும்பி வருகிறது. ஆனாலும் இந்தத் தகவலை நினைவில் வையுங்கள். அன்றைக்குப் பிரசங்கம் நீளம்; ஏலம் வரைக்கும் மீன் உயிரோடு இருக்க வேண்டும்.)

மூன்றாவது: பெமிலா பக்கெட் மூடியை விலக்கி எட்டிப் பார்த்தாள். மீன் மீசையை அசைத்தது.

இது போதும்.

3

பெமிலா ஜாஸ்பரின் மகள். விலங்கியல் படித்தவள். பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பவள். பக்கெட்டில் இருந்த கெளுத்தியை அப்பா விடியற்காலையில் சானலில் பிடித்திருந்தார். குழம்புக்கென்று நினைத்தாள். காணிக்கைக்கு என்றார்.

அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், சேவல். கடையில் கொடுப்பதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். பாதி பக்தி, பாதி வீம்பு. ஜாஸ்பர் கொண்டுவருவதை யோவான்தான் எடுப்பார். யோவான் கொண்டுவருவதை ஜாஸ்பர். ஒரே கரையில் தூண்டில் போடத் தொடங்கிய காலத்திலிருந்து இது மாறியதில்லை. விட்டுக்கொடுத்தால் கௌரவக் குறைச்சல். ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கையாலும் தொடாத யோவானை அதை ஏலத்தில் எடுக்கவைப்பதுதான் ஜாஸ்பரின் திட்டம்.

ஏலம் விடும் சிலுவைதாசன் மூடியைத் திறந்ததும் மீன் துள்ளி அவர் வேட்டியை நனைத்தது.

“ஏலே, கோழிக்கழிவு தின்னு வளந்ததையா சபைக்குக் கொண்டாந்திருக்க?” என்றார் யோவான்.

“நீ போன வருஷம் எடுத்த சேவல் என்ன, பால்சோறா தின்னுச்சு?” என்றார் ஜாஸ்பர்.

சபை சிரித்தது. யோவான் ஏலம் கேட்டார். வேண்டுமென்றே ஆளாளுக்கு விலையை ஏற்றிவிட்டார்கள். அவர் விடவில்லை. மூன்று தரம் சொல்லி முடித்தபோது கெளுத்தி அவருடையது.

4

அடுத்து வருவதை எழுதும்போது யோவானின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

பக்கெட்டைத் தூக்கியதும் அவர் முகம் மாறியது. கர்த்தருக்கென்று வந்ததை எப்படி வெட்டுவது, சபைக் கோயிலுக்குக் கீழே இருக்கிற குளத்தில் விட்டுவிடுகிறேன், பிழைத்துப்போகட்டும் என்றார். பலர் தலையாட்டினார்கள். ஒருவர் தோத்திரம் என்றார்.

(அந்தச் சேவலும் காணிக்கைதான். அதை இதே யோவான் வறுத்துத் தின்றிருக்கிறார். பாத்திரப் படைப்பில் ஓட்டை என்று நினைத்து அந்த வரியை அடித்துவிடப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். தின்ன மனமில்லாத மீனின் மேல் மட்டும் ஒருவருக்குப் பக்தி வருமானால், அது ஓட்டை இல்லை. அவர் அப்படித்தான்.)

அந்தக் குளம் ஊற்றுக் குளம். சானல் தண்ணீர் அதற்குள் வருவதில்லை; அதனால் கெளுத்தியும் இதுவரை வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் பள்ளத்தி இன்னும் மிச்சமிருக்கும் குளம் அதுதான். மஞ்சளாக, உள்ளங்கையில் பாதிகூட வராத மீன். தாயும் தகப்பனும் மாறிமாறிக் குஞ்சுகளைச் சுற்றிக் காவல் நிற்கும். பெமிலா அங்கே தூண்டிலோடு உட்காருவாள். பல நாள் இரை கோக்கவே மறந்துவிடுவாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். தன் வேடிக்கை எங்கே போய் நிற்கிறது என்று ஜாஸ்பருக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

5

குளத்துப் படியில் யோவானை எட்டிப்பிடித்தாள்.

“மாமா, அதைக் குளத்துல விடாண்டாம்.”

“ஒத்த மீனு மக்கா. என்ன செஞ்சிரும்?”

“குஞ்சு ஒண்ணையும் விட்டுவைக்காது. சானலுக்கும் முதல்ல ஒண்ணுரெண்டுதான் வந்திருக்கும் மாமா.”

அவர் தண்ணீரைப் பார்த்தார். அவரும் அங்கே தூண்டில் போடுகிறவர்தான். அப்படியானால் இதை என்ன செய்வது என்று கேட்டார். எடுத்த பொருளைச் சபைக்கே திரும்பக் கொடுத்தால் மறுபடியும் ஏலம் விடுவார்கள், அது வழக்கம்தானே, நான் எடுக்கிறேன் என்றாள்.

“எடுத்து?”

“திம்போம்.”

“யாரு? உங்கப்பன் திம்பான். நீ திம்பியா?”

இந்த மீனைக் குறைக்க வேண்டுமானால் பிடித்துத் தின்னத்தான் வேண்டும் என்று வீட்டில் ஓயாமல் சொல்பவள் பெமிலா. அப்பா குழம்பு வைக்கும் நாளெல்லாம் அவளுக்கு ஆம்லெட். தூண்டிலில் மீன் கொத்தாத நேரங்களில் ஜாஸ்பர் இதை யோவானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

(கட்டுரையின் முடிவுரையில் ‘உண்பதே தீர்வு’ என்று எழுதியிருந்தேன். நானும் இன்னும் தின்றதில்லை.)

“எடுக்குத ஆளு எல்லாருக்க முன்னாலயும் ஒரு துண்டு திங்கணும். சம்மதம்னா திரும்பக் குடுக்கேன்” என்றார் யோவான்.

அவள் பக்கெட்டைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள்.

“சம்மதம்” என்றாள்.

6

முடிவு அ: பெமிலா தின்கிறாள். மாங்காய் போட்ட குழம்பு அவளுக்குப் பிடித்துப்போகிறது. (நான் தின்னாத மீனுக்கு எப்படி ருசி எழுதுவது?)

முடிவு ஆ: யோவானின் கால் வழுக்குகிறது, மீன் துள்ளி ஈரப்படியில் நெளிந்து தானாகவே குளத்துக்கு (அறிவியல்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பை மீன் தலையில் கட்டுவது நியாயமில்லை.)

இனி நடந்தது.

சிலுவைதாசன் நிபந்தனையைச் சபைக்குச் சொன்னார். பெமிலா கேட்டாள். உடனே ஜாஸ்பர் அதற்குமேல் கேட்டார், மகளைக் காப்பாற்றுகிறாராம். அவள் ஏற்றினாள். அவரும் ஏற்றினார்.

“அப்பா, சும்மா இருங்க.”

பாடகர் குழுவே திரும்பிப் பார்த்தது. இந்தக் குரலை அவர்கள் ஒரு பாட்டிலும் கேட்டதில்லை. ஜாஸ்பர் கையை இறக்கினார். மாங்காய் பறிக்க ஆள் அனுப்பலாமா என்று யோவானிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு தரம்” என்றார் சிலுவைதாசன்.

“ரெண்டு தரம்.”

மூன்றாவதை நான் எழுதவில்லை. பிரசங்கம் நீளம் என்று உங்களிடம் சொன்னதிலிருந்தே இந்தக் கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். விருப்பமிருந்தால் கையைத் தூக்கலாம். ஆனால் நிபந்தனை எல்லோருக்கும் பொது. தூக்காவிட்டால் துண்டு பெமிலாவின் தட்டுக்குப் போகும். அவசரம் வேண்டாம். மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

சிலுவைதாசன் உங்களைத்தான் பார்க்கிறார்.