நூறு சதவீத வருகை

விசில்காரர் இறந்த பதினெட்டாம் நாள், அவர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிவிட்டதாக வீட்டுக்குச் சான்றிதழ் போனது.

அதை எடுத்துக்கொண்டு அவர் மனைவி ஆலைக்கு வந்திருந்தாள். பயிற்சி அதிகாரியின் மேசைமேல் உறையை வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், “இது எப்பம்மா படிச்சாரு?” என்று கேட்டாள்.

ஆட்கள் ‘டீச்சரம்மா’ என்று கூப்பிடும் அந்த அதிகாரி சான்றிதழைப் பார்த்தாள். இணையவழிப் பயிற்சி, ஆறு மணி நேரம், வருகை நூறு சதவீதம். தேதி, போன வெள்ளிக்கிழமை. கீழே எம்.டி.யின் கையெழுத்து, ஆள் பெயரைவிடப் பெரிதாக.

“தப்பு நடந்துபோச்சும்மா” என்றாள்.

“உசுரோட இருந்தப்ப எதுலயும் இப்படிப் பாஸானதில்ல அவரு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள். உறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கலவைத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது விசில்காரரின் வேலை. தான் நலம் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய, கழுவி முடிக்கும்வரை விசிலடித்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கு விசில் பாதியில் நின்றது. உள்ளே காற்று எப்படி என்று மீட்டர் இறக்கிப் பார்க்காமலே இறங்கியிருக்கிறார். பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தது. மூன்று மணி நேரப் பயிற்சியில், இரண்டே முக்கால் மணி நேரம் போன பிறகு.

அதற்கு முன்னால் எம்.டி.யின் வரவேற்புரை இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘முன்னுரை’ என்றுதான் பெயர். இரங்கல் கூட்டத்தில்கூட, இரண்டு நிமிட மௌனத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசியவர். பேச்சின் முடிவில், “மூணு மணி நேரம் பத்தல. இனிமே ஆறு!” என்று அறிவித்தார். மறுபேச்சுப் பேசாமல் அந்த ஆறு மணி நேரத்தையும் திட்டமிட்டுக் கொடுத்தவள் டீச்சரம்மாதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். தொட்டிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான்.

“வெள்ளிக்கிழமை என் மொறைக்கா.”

பயிற்சிக்கென்று ஆலை கொடுத்த கைபேசிகள் உடைமாற்றும் அறை அலமாரியில் வரிசையாக நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். ‘இருக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால் வருகை. வேலை நிற்கக் கூடாது என்று மேஸ்திரி ஒரே ஒருவனை உட்கார்த்தி எல்லாவற்றையும் அழுத்தவிடுவார்.

“பதினாலு போனு. கை தன்னால வரிசையா போயிரும்” என்றான் தம்பி. “அவரு போன்கிட்ட வந்தப்ப மட்டும் நின்னுச்சு. இருக்கிறீர்களான்னு கேக்குது. இல்லன்னு சொல்ல அதுல பொத்தானே இல்லக்கா.”

அவள் சான்றிதழின் தேதியை மறுபடி பார்த்தாள்.

“திங்கக்கிழமை அதே தொட்டியில நான்தான் எறங்குறேன்.”

“மீட்டர எப்படிப் பாக்கணும்? சொல்லு.”

“கயித்துல கட்டி உள்ள விடணும்.”

“எவ்வளவு ஆழம்? எவ்வளவு நேரம்?”

அவன் தம்ளரைப் பார்த்தான். “ஆறு மணி நேரம் எவன் ஒக்காந்து கேப்பான்? நீ முழுசா பாத்தியா, மனசத் தொட்டுச் சொல்லு?”

பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ஆரம்பித்தாள். தொட்டி வாயில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அடியில் ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இறங்குபவனின் கயிற்றை மேலே பிடிப்பவன் எதற்காகவும் நகரக் கூடாது. உள்ளே இருப்பவன் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் அவன் வாயால் திருப்பிச் சொல்லவைத்தாள். சரியாகச் சொல்லி முடித்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பதின்மூன்றாம் நிமிடம் அவன் மேசை விளிம்பைச் சுரண்டத் தொடங்கினான்.

“இத மேல காட்டினா மொதல்ல உன் வேலதான்டா போகும்” என்று சான்றிதழைத் தொட்டாள்.

“காட்டுக்கா. இன்னொண்ணு எம் பேர்ல வரவா?”

மறுநாள் எம்.டி. அவளது புதிய ஒரு பக்கப் பயிற்சித் திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மீதிப் பக்கங்கள் எங்கோ விழுந்துவிட்டவைபோல.

“பன்னெண்டு நிமிஷமா? என் வரவேற்புரையே இருபத்தஞ்சு நிமிஷம்மா. வெளியில கேட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?”

அவள் சான்றிதழை வைத்தாள். அவர் முதலில் தன் கையெழுத்தைத்தான் பார்த்தார், பிறகு பெயரை.

“அழுத்தினது யாரு?”

“என் தம்பி சார். அழுத்தச் சொன்னது மேஸ்திரி. ஆறு மணி நேரம் போட்டுக் கொடுத்தது நான். கேட்டது நீங்க.”

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“அவர் சம்சாரத்துக்கு. அவங்க வீட்டுக்குத்தான் சார் போச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு, “சரி. யாரையும் ஒண்ணும் கேக்கல” என்றார். உடனே குரல் இறங்கியது. “என் வரவேற்புரை?”

“கடைசியில வச்சுக்கலாம் சார். அவங்க வேலைக்கு எறங்கினப்புறம்.”

திங்கட்கிழமை காலை பதினான்கு கைபேசிகளில் பதின்மூன்று தொட்டி வாயருகே இருந்தன, ஒவ்வொன்றும் அதற்குரியவன் கையில். திரையில் டீச்சரம்மா ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். ஒவ்வொருவனும் தன் வாயால் பதில் சொன்னான். மீட்டர் இறங்கியது. வாயில் பச்சை, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு.

காற்றாடியை உள்ளே திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மறுபடி இறக்கினார்கள். மூன்றும் பச்சை. கயிறு பிடிப்பவன் காலை ஊன்றிக்கொண்டான். தம்பி இறங்கினான்.

டீச்சரம்மாவின் கணினித் திரையில் இன்னொரு மூலையில் எம்.டி. வரவேற்றுக்கொண்டிருந்தார். பத்தாம் நிமிடம் திரை ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்டது. அழுத்த ஆளில்லை. அவர் தொடர்ந்து வரவேற்றார்.

டீச்சரம்மா அவர் ஒலியை அடைத்துவிட்டு, தொட்டி வாயின் ஒலியைக் கூட்டி வைத்தாள். தம்பிக்கு விசிலடிக்க வராது, பாதி காற்றுதான். அந்தப் பாதிக் காற்றை, அவன் மேலே ஏறி வரும்வரை, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.