கடைசிக் குறிப்பு மட்டும்

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சிவப்பு வரி, ஒரு எச்சரிக்கை, ஏதாவது காட்டியிருந்தால் அன்றைக்கே நிமிர்ந்து பார்த்திருப்பேன், நான் எழுதிய புரோகிராம் வாயே திறக்காமல் விழுங்கிவிட்டு எல்லாம் சரி என்று பச்சையைக் காட்டியிருக்கிறது... மூன்று வாரமாக. பூதக்கண்ணாடிதான் கண்டுபிடித்தாள், பிழை பார்ப்பது அவள் வேலை, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர், நாற்காலியை உருட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்துவிட்டாள். "அக்கா, உங்க கோடுக்கு நல்ல பசி போல. ஃபைல்ல நர்ஸ் குறிப்பு ஏழு இருக்கு, ஸ்கிரீன்ல ஒண்ணுதான் வருது. மீதி ஆறையும் தின்னுடுச்சா?" சிரித்து வைத்தேன். இந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் அக்கா, நாற்பத்தெட்டு வயதுக்காரியை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் நான் அக்கா என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள், அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

ஏழில் ஆறு எங்கே போகும்? தப்பு என்னுடையதுதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகள், எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகள், ஒவ்வொரு தகவலும் டேக் என்ற பெயர் அடைப்புக்குள், அவற்றைப் படித்துப் புது மென்பொருளுக்கான ஆப்ஜெக்டாக, அதாவது பெட்டி பெட்டியாக, மாற்ற வேண்டும். எந்த டேக் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், அதற்குத்தான் அனோட்டேஷன் என்று பெயர். குறிப்பு என்ற டேக்குக்கு நான் ஒட்டிய சீட்டு ஒரே ஒரு குறிப்பு மட்டும் கொள்ளும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது வந்ததும் முதலாவதைத் தள்ளிவிடும், மூன்றாவது இரண்டாவதை, கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். எத்தனை வந்தாலும் கொள்ளும் லிஸ்ட் என்று எழுதியிருக்க வேண்டும். இருபது வருட அனுபவம்... ஒருத்தருக்கு ஒரு குறிப்புதான் இருக்கும் என்று எப்படி நினைத்தேன்?

அப்படியானால் அந்த வரி? மூன்று வாரம் முன்பு படித்தேனே, அதுவும் கடைசி வரிதானா? சோதனைக்கு ஐந்து பதிவுகளைத் திறக்க அனுமதி இருந்தது, தெரிந்தவர்கள் பதிவைத் தொடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள், நான்கு யாரோ தெரியாதவர்களுடையது, ஐந்தாவதாக அக்காவின் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த எண்ணை அடித்தேன். அவள் இறந்த பிறகு இதே மருத்துவமனையின் கவுண்டரில் அவள் பையோடு சேர்த்துக் கொடுத்த பட்டை. அந்த எண் மனப்பாடம். திரையில் ஒரே வரி வந்தது: யாரையும் கேட்கவில்லை, அமைதியாக இருக்கிறார். ஓ, அப்படியா, சாகும்போதும் வீம்பா, என்று அன்றிலிருந்து மனசுக்குள் அவளோடு சண்டை. பஸ்ஸில், குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா அக்கா? நீ வந்திருப்பியாடி? வந்திருப்பேன். வந்து கிழிச்சிருப்ப. அம்மா போன பத்தாம் நாள் அவள்தானே ஆரம்பித்தாள், "நான் அம்மாவத் தூக்கி உக்கார வச்சேன், நீ போன்ல சாப்டாங்களான்னு கேட்ட, ரெண்டும் ஒண்ணாடி?" நான் சும்மா இருந்திருக்கலாம். "சம்பளம் இல்லாத நர்ஸுன்னு கழுத்துல போர்டு மாட்டிக்கோயேன்" என்றேன். அதோடு சரி, இரண்டு வருடம், ஒரு பேச்சு இல்லை.

லிஸ்ட் என்று மாற்றி ஓட்டினேன். இப்போது கத்தியது, ஒரே பெயரில் இரண்டு இருக்கிறதாம், பதற்றத்தில் சீட்டைப் பெட்டியின் மேலும் ஒட்டி, அதை எடுத்துத் தரும் ஃபங்ஷனின் மேலும் ஒட்டியிருக்கிறேன். இரண்டு முறை சொன்னால் அப்படிக் கத்துகிறது, ஆறு குறிப்பு காணாமல் போனபோது மட்டும்... ஒன்றைக் கிழித்துப் போட்டேன். பூதக்கண்ணாடியின் ஏழும் வந்தன. "ஆறு பேரைக் காப்பாத்திட்டீங்கக்கா, டீ என் செலவு" என்று எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் பட்டை எண்ணை அடித்தேன். வேண்டாமே என்று சொன்ன கை வேறு, அடித்த கை வேறு.

ஐந்து வரிகள். திங்கள்: தங்கையைப் பார்க்க வேண்டும் என்றார், எண் கொடுத்தார், அழைத்தோம், எடுக்கவில்லை. திங்கள் மாலை: தங்கை வந்தாளா என்று கேட்டார். செவ்வாய்: அழைப்பு துண்டிக்கப்பட்டது, அவளுக்கு வேலை இருக்கும், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். புதன்: கதவைப் பார்த்தபடி படுக்க உதவி கேட்டார். வியாழன்: யாரையும் கேட்கவில்லை, அமைதியாக இருக்கிறார்.

செவ்வாய்... மீட்டிங் அறை, மேசையில் போன் அதிர்ந்தது, தெரியாத எண், கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் என்று நினைத்துத்தான்... கட்டை விரலால் துண்டித்தேன், இன்னொரு முறை பார்க்காமல்கூட. கேட்டிருக்கிறாளே. மூன்று வாரமாக அவளைத் திட்டினேனே, அந்தத் திட்டையெல்லாம் இப்போது எங்கே கொண்டு வைப்பது? புதன்கிழமை முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வியாழக்கிழமை ஏன் கேட்கவில்லை? என்னை வேண்டாம் என்று விட்டாளா, வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டாளா, இல்லை, பேசவே முடியாமல் கிடந்ததைத்தான் அமைதி என்று எழுதிவிட்டார்களா?

"அக்கா, டீ ஆறுது. எல்லாம் வருதா, சரியாயிடுச்சுன்னு போட்டு நான் பிழையை மூடிடவா?"

"வருது... எல்லாம் வருது. கொஞ்சம் இரு, மூடாத." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். கதவு எந்தப் பக்கம் இருந்திருக்கும்? இடது பக்கமா, வலது பக்கமா, அவளால் வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாதே, சின்ன வயதிலிருந்தே அந்தத் தோளில் வலி... அந்த அறைக்குள் நான் போனதே இல்லை.